முடியிலும் மெல்லிய மெருகு

ஆலையிலிருந்து வெளிவரும் காரின் உடலில் நான்கு பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. எஃகுக் கூட்டைக் கழுவி, பாஸ்பேட் கரைசலில் நனைத்த பிறகு, அதை அப்படியே ஒரு பெயிண்ட் தொட்டிக்குள் மூழ்கடிக்கிறார்கள். மின்சாரம் பாய்ச்சும்போது கை நுழையாத இடுக்குகளிலும் பெயிண்ட் சீராகப் படிகிறது. துருவைத் தடுக்கும் முதல் பூச்சு இது. அதன்மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரை வரும். அதில் கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

காரின் பளபளப்பும், நிறத்துக்குள் தெரியும் ஆழமும், வெயிலைத் தாங்கும் வலிமையும் இந்த முடியிலும் மெல்லிய ஏட்டைத்தான் நம்பியிருக்கின்றன. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சேர்மங்கள் இதில் கலந்துள்ளன. தேய்ந்துபோன கிளியர் கோட் மீண்டும் வளராது. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் ஒரு பகுதி குறைகிறது. ஆகவே, வீட்டில் தன் காரைத் தானே பேணுபவர் முதலில் கற்க வேண்டியது, தேய்க்கும் தேவை வராமல் பார்த்துக்கொள்வது. தேய்க்கும் முறை அதற்குப் பிறகுதான்.

தேய்க்கும் பழக்கம் வந்த வழி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்களுக்கு எண்ணெய் வார்னிஷைத் தூரிகையால் பூசினார்கள். ஒரு காரை முடிக்கப் பல வாரங்கள் பிடித்தன. 1923-இல் டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் நீல நிறத்தில் அறிமுகமானது. உலரும் நேரம் வாரங்களிலிருந்து மணிக்கணக்குக்குச் சுருங்கியது. லாக்கர் உலர்ந்ததும் மங்கலாகத்தான் இருக்கும், தேய்த்தால்தான் ஒளிரும். ரப்பிங் போடுவது என்ற பட்டறை வழக்கம் அந்தக் காலத்தின் தேவையிலிருந்து வந்தது. பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி கார்களைத் தேய்த்தால் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. கிளியர் கோட் முறை 1980-களில் உலகெங்கும் பரவத் தொடங்கியது. இன்றைய காரைத் தேய்க்கும்போது துணி வெள்ளையாகவே இருப்பதால், எவ்வளவு கரைந்தது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய பழக்கத்தைப் புதிய பூச்சின்மேல் அப்படியே தொடர்வது இதனாலேயே ஆபத்தாகிறது.

வலைக்கீறல்

ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றின் பானெட்டை நண்பகல் வெயிலில் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை விரிந்ததுபோல் மெல்லிய கோடுகள் தெரியும். யாரும் வட்டமாகத் தேய்த்ததால் வந்தவை அல்ல அவை. கீறல்கள் எல்லாத் திசையிலும் சிதறித்தான் கிடக்கின்றன. ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் கண்ணை நோக்கி ஒளியைத் திருப்புகின்றன. அதனால் விளக்கை எங்கே பிடித்தாலும் அதைச் சுற்றி வட்டங்கள் தோன்றுகின்றன. கருப்புக் காரில் இவை பளிச்சென்று தெரியும், வெள்ளைக் காரில் ஒளிந்திருக்கும்.

இந்தக் கீறல்களில் பெரும்பாலானவை விபத்தால் வருபவை அல்ல, துடைப்பதால் வருபவை. சென்னையின் வேளச்சேரி, போரூர், பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதிகளின் அடுக்ககங்களில் விடியற்காலையில் வாகன நிறுத்தத்துக்குச் சென்றால் காரணம் நேரடியாகத் தெரியும். மாதச் சம்பளத்துக்கு வரும் கார் துடைக்கும் தொழிலாளர் ஒரு வாளியும் ஒரு துணியுமாக வேலையைத் தொடங்குகிறார். உரிமையாளர்கள் அலுவலகம் கிளம்புவதற்குள் வரிசையாக நிற்கும் கார்களை முடித்தாக வேண்டும். குழாய் ஒரு மூலையில் இருக்கிறது. தண்ணீரைச் சுமந்து வர வேண்டும். முதல் காரில் எடுத்த மணல் இரண்டாவது காரின் கூரையில் இழுபடுகிறது. பிழை அவர் கையில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. தினமும் துடைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உரிமையாளர்களே. ஒவ்வொரு காருக்கும் தனித் துணிகளும் கொஞ்சம் ஷாம்புவும் கொடுத்து, தினசரித் துடைப்புக்குப் பதில் வாரம் இரண்டு முறை நன்றாகக் கழுவச் சொல்லி, சம்பளத்தைக் குறைக்காமல் இருந்தால் காருக்கும் தொழிலாளருக்கும் நன்மை. உலர்ந்த தூசியை உலர்ந்த துணியால் தட்டுவதை மட்டும் எந்த ஏற்பாட்டிலும் விட்டுவிட வேண்டும்.

கழுவும் முறை

கழுவுவதற்கு நிழலும் குளிர்ந்த தகடும் தேவை. கோடை வெயிலில் நிற்கும் அடர்நிறக் காரின் பானெட் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஷாம்பு துடைப்பதற்குள் காய்ந்து திட்டாகிவிடும். காலை ஏழு மணிக்கு முன் அல்லது பொழுது சாய்ந்த பின் ஏற்ற நேரம்.

சக்கரங்களை முதலில், அவற்றுக்கென ஒதுக்கிய துணியால் கழுவ வேண்டும், ஏனென்றால் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் அங்கேதான் அதிகம். பிறகு காரின் மேலிருந்து கீழாகத் தண்ணீரைப் பாய்ச்சி, தளர்ந்த மண்ணையெல்லாம் கை படாமலே இறக்க வேண்டும். இந்தப் படியில் எவ்வளவு மண் போகிறதோ அவ்வளவு கீறல் தவிரும். அடுத்து இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் கையுறையை நுரையில் தோய்த்து ஒரு தகட்டைக் கழுவியதும், வெறும் நீரில் அலசி மண்ணை விட்ட பிறகே மீண்டும் நுரைக்குள் விட வேண்டும். வாளியின் அடியில் சல்லடைத் தட்டு ஒன்றைப் போட்டால் இறங்கிய மண் மேலே எழும்பாது. கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேற்பாதி, கடைசியாகக் கதவின் அடிப்பகுதி என்பது வரிசை. பாத்திரம் துலக்கும் திரவம் மெழுகுக் காப்பையும் சேர்த்துக் கரைத்துவிடும் என்பதால் தவிர்க்க வேண்டும்.

தண்ணீரின் தரம் தனியாகக் கவனிக்க வேண்டியது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. கடினமான போர்வெல் நீர் காரின்மேல் காயும்போது சுண்ணாம்புப் புள்ளிகள் நிற்கும். வெயிலில் அவை கிளியர் கோட்டையே அரித்துக் குழி பறிக்கும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சேமித்துக் கார் கழுவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்த நீரில்தான். தரை கழுவ உதவும், காருக்கு ஆகாது. எந்த நீரானாலும் தானாகக் காய விடாமல், அடர்த்தியான மைக்ரோஃபைபர் துண்டை மேலே விரித்து, அழுத்தாமல் இழுத்து ஈரத்தை எடுக்க வேண்டும்.

பறவை எச்சத்தையும் மரப்பிசினையும் வாரக் கழுவலுக்காகக் காத்திருக்க விடக் கூடாது. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் கிளியர் கோட் இளகும்போது அது தடம் பதிக்கிறது. ஈரத் துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுப்பதே முறை. மாமரத்தடியில் நிற்கும் கார்மேல் தத்துப்பூச்சிகள் சொரியும் தேன் போன்ற கழிவும் இப்படித்தான் உடனே கழுவப்பட வேண்டும்.

ஒட்டிக்கொண்ட அழுக்கு

கழுவித் துடைத்த பின் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டுத் தகட்டை வருடினால், சுத்தமாகத் தெரிந்த பரப்பு மணல் தாள்போல் நெருடலாம். ரயில் நிலைய வாகன நிறுத்தங்களில் நாள்தோறும் நிற்கும் கார்களில் இது மிகுதி. தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள் பூச்சில் பதிந்து துருவேறுகிறது. தயோகிளைகோலேட் உப்பு அடங்கிய இரும்பு நீக்கியைத் தெளித்தால் துகள் கரைந்து ஊதா நிறமாக வழியும். காயும் முன் கழுவ வேண்டும். தார்ப் புள்ளிகளுக்குத் தனிக் கரைப்பான் உண்டு. எஞ்சியவற்றை ஷாம்பு நீர் தெளித்துக் களிமண் கட்டியால் மெதுவாக வழிக்கலாம். கட்டியை அடிக்கடி மடித்துப் புதுப்பக்கம் காட்ட வேண்டும்; தரையில் விழுந்த கட்டியைத் தூக்கி எறிய வேண்டும். இந்த வேலை நுண்ணிய கீறல்களை விடக்கூடியது என்பதால், பாலிஷ் போடுவதற்கு முன்பு மட்டும் செய்வது நல்லது.

பாலிஷ்

கீறல் என்பது ஒரு சிறு பள்ளம். பாலிஷ் அதை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பரப்பைப் பள்ளத்தின் அடிமட்டம் நோக்கி இறக்குகிறது. அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்கள் அந்த வெட்டும் வேலையைச் செய்கின்றன. துகள் பருத்தது காம்பவுண்ட், நுண்ணியது பாலிஷ்.

டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைகளில் இந்த வேலை வேகமாக நடப்பதைப் பார்க்கலாம். புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவில் தூசி விழுந்த இடத்தையும் ஆரஞ்சுத் தோல்போல் குழிவிழுந்த இடத்தையும் 2000 எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்க்கிறார் பெயிண்டர். பரப்பு மங்கிச் சாம்பல் பூக்கிறது. பிறகு கம்பளிப் பேட் மாட்டிய ரோட்டரி இயந்திரத்தை ஓட்டுகிறார். கண் இயந்திரத்தின்மேல் இல்லை. தகட்டில் விழும் டியூப் லைட் பிம்பத்தின்மேல் இருக்கிறது. பிம்பத்தின் ஓரம் கூர்மையாகும்வரை ஓட்டி, இடையிடையே புறங்கையால் சூட்டைத் தொட்டுப் பார்க்கிறார். கதவின் விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறது, ஏனென்றால் பூச்சு அங்கே மெலிந்திருக்கும். ஒரு நொடி அதிகமாக நின்றால் அடியிலுள்ள நிறம் வெளிவந்துவிடும். பிளாஸ்டிக் பம்பரில் கை இன்னும் மெதுவாகிறது, பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தாததால் சூடு ஒரே இடத்தில் தங்கும். இந்தக் கணக்கெல்லாம் பல ஆண்டுப் பழக்கத்தில் கையில் ஊறியவை.

அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு ஏற்றது டூயல் ஆக்ஷன் இயந்திரம். அதன் பேட் சுழலும்போதே மையம் விலகியும் அலைகிறது. 8, 15, 21 மில்லிமீட்டர் அலைவு கொண்டவை கிடைக்கின்றன. சூடு குறைவு; மிகையாக அழுத்தினால் சுழற்சி நின்றுவிடுவதே ஒரு பாதுகாப்பு. பேட் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுழல்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

முதலில் ஒரே இடத்தில் சோதிக்க வேண்டும். மென்மையான ஃபோம் பேடும் நுண்ணிய பாலிஷும் கொண்டு தொடங்கி, போதாதபோது மட்டும் ஒரு படி கடுமையாக்க வேண்டும். கடலைப் பருப்பு அளவில் நான்கு சொட்டு வைத்து, இரண்டடிச் சதுரத்துக்குள் நிதானமாக, ஒரு ஓட்டத்தின் பாதியை அடுத்தது மூடும்படி நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஓட்ட வேண்டும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாலிஷின் எண்ணெய்ப் பசை கீறலை மறைத்திருக்கும். தடிமன் அளவி கைவசம் இருந்தால் எஃகுத் தகட்டில் முன்னும் பின்னும் அளக்கலாம். ஆனால் அது எல்லாப் பூச்சையும் சேர்த்தே காட்டும். கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. ஆழமான ஒன்றிரண்டு கோடுகளை விட்டுவைப்பது தேர்ந்த முடிவு. முழுக் காரையும் இப்படிச் செய்வது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும்.

காப்பு

மெருகேறிய பரப்புக்கு ஒரு காப்பு வேண்டும். கார்னோபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகும். பூசுவது எளிது, ஆனால் வெயிலும் மழையும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அதைக் கரைத்துவிடும். செயற்கைப் பாலிமர் சீலண்ட் கூடுதலாகத் தாங்கும். சிலிக்கன் டை ஆக்சைடு அடிப்படையிலான செராமிக் கோட்டிங் பூச்சோடு பிணைந்து ஆண்டுக்கணக்கில் நிற்கும். விளம்பரங்களில் வரும் 9 எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. சாலையில் தெறிக்கும் கல்லையோ மணல் துணியையோ அது தடுக்காது. நீர் ஒட்டாமல் உருள்வதும் அழுக்கு எளிதில் விடுவதும்தான் அதன் உண்மைப் பயன். அடியில் கீறல் இருந்தால் அதையும் சேர்த்தே மூடிவிடும் என்பதால் முந்தைய படிகளைத் தாண்ட முடியாது.

பெயிண்டரிடம் போக வேண்டிய இடம்

கீறலின் குறுக்கே நகத்தை இழுத்தால் நகம் தட்டி நிற்குமானால், பாலிஷுக்கு அது எட்டாது. பிரைமரோ தகடோ தெரிந்தால் கடற்கரைக் காற்றில் விரைவில் துரு பிடிக்கும். பெயிண்டரைப் பார்க்க வேண்டும். ஆலையில் கிளியர் கோட் 140 டிகிரி அளவில் சுடப்படுகிறது. பொருத்தி முடித்த காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது என்பதால், பட்டறையில் ஹார்டனர் கலந்து 60 டிகிரி அளவிலோ வெறும் காற்றிலோ இறுகவைக்கிறார்கள்.

அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தெளிக்கும் புகையைத் தொடர்ந்து சுவாசிக்கும் பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வரலாம்; ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் மிகச் சிறிய அளவும் மூச்சுத் திணறலைத் தூண்டும். கைக்குட்டையும் துணி முகமூடியும் இதைத் தடுப்பதில்லை. வெளியிலிருந்து தூய காற்று வரும் முகமூடியும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அறையும் வேண்டும். பட்டி தேய்க்கும்போது கிளம்பும் தூசியும், நாள் முழுவதும் அதிரும் இயந்திரத்தால் விரல் நரம்புகளுக்கு வரும் பாதிப்பும் இவற்றோடு சேர்பவை. எனவே பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது நிறம் பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு, தெளிப்பு அறை உண்டா, பெயிண்டர் என்ன அணிந்து வேலை செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அவற்றை வைத்திருக்கும் பட்டறை கூடுதலாகக் கேட்கும் கூலி நியாயமானது.