நம்பாமல் பார்க்கும் வேலை

சென்னைத் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் தெரியும் வெள்ளை உருண்டைதான் வானிலை ரேடார் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் கூடு. உள்ளே எட்டரை மீட்டர் அகல ஆண்டெனா சுற்றுகிறது. சுற்றும்போது யாரும் கூட்டுக்குள் போவதில்லை. அதனால் நான் பார்த்ததெல்லாம் கீழ் அறையில், திரைகளுக்கு முன் உட்கார்ந்திருந்தவர்களின் வேலையைத்தான்.

2002 முதல் இங்கே டாப்ளர் ரேடார் இயங்குகிறது. பத்து சென்டிமீட்டர் அலையைச் சிறு துடிப்புகளாக அனுப்பிவிட்டு, எதிரொலிக்குக் காத்திருக்கும். எதிரொலி திரும்பும் நேரம் தூரத்தைச் சொல்லும். அதன் வலிமை, துளிகளைப் பற்றிச் சொல்லும். துளியின் விட்டம் இரட்டித்தால் எதிரொலி 64 மடங்காகும். ஆகவே நாலைந்து ஆலங்கட்டிகள், ஊரையே நனைக்கும் சிறுதூறலைவிடப் பெரிதாகக் கூச்சலிடும்.

டாப்ளர் என்பது இதற்கு மேல் ஒரு படி. அடுத்தடுத்த துடிப்புகளின் அலைக்கட்டம் எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து, துளிகள் நம்மை நோக்கி வருகின்றனவா, விலகுகின்றனவா, எந்த வேகத்தில் என்று கணக்கிடுவார்கள். குறுக்கே ஓடும் காற்று சுழியமாகவே தெரியும்.

கடல் பக்கம் பளிச்சென்று சில புள்ளிகள். மழை என்றேன்.

"அது கப்பல் சார். காலையிலிருந்து அங்கேயே நிக்குது," என்றார் பணியிலிருந்த அம்மா. நகராதவற்றைக் கணினி வடிகட்டுமே என்று கேட்டேன். "வடிகட்டும். குறுக்கே போற மழையையும் சேத்து முழுங்கிடும். அதனால வடிகட்டுன படம், வடிகட்டாத படம் ரெண்டையும் பாப்போம்."

தூரம் போகப்போக இன்னொரு சிக்கல். பூமி வளைவதால், அரை டிகிரி உயர்த்திய கற்றைகூட 250 கிலோமீட்டரில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். நம் வடகிழக்குப் பருவமழை மேகங்களோ பல நேரம் குட்டையானவை. கற்றைக்குக் கீழேயே கொட்டிவிட்டுப் போகும். நேர் உச்சிக்கு வரும் மேகமும் சரியாகத் தெரியாது. பக்கத்துப் பாரிமுனையில் பெய்வதைப் பார்க்க இவர்களுக்கும் சன்னல்தான் கதி! அல்லது பள்ளிக்கரணை ரேடாரைப் பார்க்கலாம். அது மூன்று சென்டிமீட்டர் அலை. கனமழைக்குப் பின்னால் இருப்பது அதற்கு மங்கிவிடும்.

புயல் வந்தால் வேலையின் தன்மையே மாறுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் இந்தத் திரையில் தெளிவாகத் தெரிந்தது. கண் உருவாகாத புயல்கள்தான் சிரமம். முன்பெல்லாம் ஒளிபுகும் தாளில் அச்சிட்ட சுருள்கோட்டைத் திரைமேல் வைத்து, மழைப்பட்டையோடு பொருத்தி, மையம் எங்கே என்று குறிப்பார்களாம். கணினி வந்தும் அந்தக் கண்தேர்ச்சிக்கு ஓய்வில்லை. ஒரே படத்தில் இருவர் குறித்தால் இரண்டு மையம் வருவதுண்டு.

பேசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தாம்பரத்தில் மழை வருமா என்று யாரோ கேட்டார்கள். அம்மா மூன்று மணி நேரக் கணிப்பைச் சொன்னார். அடுத்த கேள்விக்கு அவர் தந்த பதில் எனக்கும் கேட்டது: "ஸ்கூல் லீவா? அது கலெக்டர்கிட்ட கேக்கணுங்க."