டம்டம் தட்டும் மாமாவின் நாலணாவும்

கல்கத்தாவில் 'ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்' என்று கேட்டால் உடனே வழி சொல்கிறார்கள். போர்டில் இருப்பதோ மிர்ஸா காலிப் தெரு. காலிப், உருதுக் கவிஞர். இங்கிலீஷ் நாவலாசிரியர் தாக்கரே 1811-ல் பிறந்ததும் இதே தெருவில்தான். இப்படி இரண்டு பெரிய மனிதர்களைச் சுமக்கிற தெருவுக்கு நான் போனது இலக்கியத்துக்காக அல்ல. ஒரு முள் வாங்க!

வங்காளம் என்றதும் மீன் முள்ளை நினைத்துக் கொள்ளாதீர்கள். இது ரிக்கார்டு பிளேயர் முள்.

ஆபீஸ் ஆடிட் வேலையாக நாலு நாள் கல்கத்தா என்றதும், திருவல்லிக்கேணி மாமா ஓடி வந்துவிட்டார். கையில் ஒரு எல்.பி. எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதம். 1963-ல் வெளிவந்த தட்டு. மாமி இருந்த வரை தினம் காலையில் போடுவார். மாமி போய் ஆறு வருஷமாகிறது. இப்போது மாமா போடுகிறார்.

"கரகரங்கறதுடா. புது முள் ஒண்ணு வாங்கிண்டு வா. நடுவுல ஒரு கீறல் இருக்கு, அதையும் விசாரிச்சுடு."

இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் தட்டை வைத்துக் கட்டி, ஹவுரா மெயிலில் படுக்கவிடாமல் நிறுத்தியே கொண்டு போனேன். எனக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை, சைடு அப்பர்.

தட்டுக்கு இது தாய்வீட்டுப் பயணம் மாதிரி. இந்தியாவின் முதல் இசைத்தட்டுத் தொழிற்சாலை கல்கத்தா சியால்தாவில்தான் 1908-ல் தொடங்கியது. அதற்கு முன் இங்கே பாடியதைக் கப்பலேற்றி, ஜெர்மனியில் ஹானோவரில் தட்டாக வார்த்துத் திரும்ப அனுப்புவார்கள். 1928-ல் தொழிற்சாலை டம்டம்முக்கு மாறியது. ஆளைக் கிழிக்கும் டம்டம் தோட்டாவுக்குப் பெயர் கொடுத்த அதே டம்டம்! தோட்டாவும் சுப்ரபாதமும் ஒரே ஊர் என்றால் நம்ப முடிகிறதா?

ஒரு காலத்தில் இந்தத் தெருவில் வரிசையாக ரிக்கார்டுக் கடைகளாம். இப்போது மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான். நான் நுழைந்த கடை நம்ம ஊர் பெட்டிக்கடை சைஸ். தரையிலிருந்து கூரை வரை தட்டுகள். எல்லாமே புத்தகம் மாதிரி நின்றுகொண்டிருந்தன. படுக்கவைத்து அடுக்கினால் மேலே இருப்பவற்றின் கனத்தில் அடித்தட்டு வளையும். நடுவில் மாட்டிய தூசி அரைத்துக் கீறும்.

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். எல்லோரும் 'தாதா' என்றார்கள். அங்கே தாதா என்றால் அண்ணன். நம்ம ஊர் அர்த்தத்தில் பயப்பட வேண்டாம்.

தாதா தட்டை வாங்கிய அழகைப் பார்க்க வேண்டுமே! விளிம்பில் கட்டை விரல், நடு லேபிளில் மற்ற விரல்கள். பாட்டு இருக்கும் பகுதியில் ஒரு ரேகை படவில்லை. விரல் எண்ணெய் பட்டால் தூசி அங்கேயே குடியேறுமாம். லைட்டில் சாய்த்துப் பார்த்தார்.

"முக்கால்வாசி அழுக்கு. அது போயிடும். கீறல் ஒண்ணுதான்."

டிஸ்டில்டு வாட்டரில் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு. மெத்தென்ற துணியால், வரி ஓடுகிற திசையிலேயே வட்டமாகத் துடைத்தார். குறுக்கே தேய்த்தால் சுத்தம் செய்கிற கையே கீறிவிடும். லேபிளில் ஈரம் படாமல், நல்ல தண்ணீரில் ஒரு தரம் அலசி, நிழலில் நிறுத்திக் காயவைத்தார்.

பழைய 78 தட்டுக்கு மட்டும் ஸ்பிரிட் பக்கமே போகக்கூடாது என்று விரலை ஆட்டினார். அது அரக்கில் செய்தது. ஸ்பிரிட் பட்டால் கரையும்.

அடுத்து, மாமா கழற்றிக் கொடுத்திருந்த முள். லென்ஸில் பார்த்தவர் முகம் மாறியது.

"உங்க மாமா மேலே காசு ஏதாவது வெக்கறாரா?"

ஆச்சரியப்பட்டுப் போனேன். முள் தாவுகிறதென்று மாமா அதன் தலையில் ஒரு நாலணாவை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். 2011-லேயே செல்லாமல் போன நாலணா, மாமா வீட்டில் மட்டும் இன்னும் டியூட்டி பார்க்கிறது.

"முள் தேஞ்சு உளி மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு மேல காசு வேற. அவர் பாட்டுக் கேக்கலை, தினம் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டிக்கிட்டிருக்கார்" என்றார் தாதா.

பகீரென்றது. மாமா தினம் ஆசையாகப் போட்டுப் போட்டே தட்டு தேய்ந்து கொண்டிருக்கிறது! வரியின் சுவரில்தான் பாட்டு இருக்கிறது. சுவர் போனால் பாட்டும் போச்சு. எந்த வித்வானாலும் திரும்பப் பூச முடியாது.

அதே மாடலுக்கான முள்ளைத் தேடி எடுத்தார். கூடவே அட்வைஸ், ஓசியில்: முள் தாவினால் காசு வைக்காதே, பிளேயர் சமதளத்தில் இருக்கிறதா பார். முள்ளைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தூசி தட்டு. தட்டு முழுசாக நின்ற பிறகே கையை வை. பாட்டு முடிந்ததும் உறைக்குள் போடு, பிளேயர் மூடியையும் மூடு.

"கீறல்?" என்றேன்.

தட்டைச் சுழலவிட்டார். கரகரப்பு காணோம். எம்.எஸ். குரல் பளிச்சென்று வந்தது. நடுவில் மட்டும் 'டிக்... டிக்...' 33⅓ சுற்று வேகத்தில் சரியாக 1.8 விநாடிக்கு ஒன்று.

"அது போகாது. எதைப் போட்டாலும் போகாது."

தயங்கித் தயங்கி மாமாவுக்கு போன் போட்டேன்.

"கீறல் நிச்சயமா போகாதாமா?"

"போகாதாம் மாமா."

"அப்பாடா!" என்றார். எனக்குப் புரியவில்லை. "அது உன் மாமி ஈரக் கையோட முள்ளை வெச்சப்போ வழுக்கி விழுந்ததுடா. அந்த 'டிக்' கேட்டாத்தான் அவ அடுக்களையில இருக்கற மாதிரி இருக்கு. கழுவறேன்னு அதையும் எடுத்துடப் போறாளேன்னு பயந்துண்டே இருந்தேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. சமாளித்துக்கொண்டு, "நாலணாவை எடுத்துடுங்கோ மாமா" என்றேன்.

"எடுத்தாச்சு. திருப்பதி உண்டியல்ல போட்டுடறேன்."

செல்லாத காசு என்று பெருமாளிடம் யார் சொல்வது?