ஒண்டுக் குடித்தன இஞ்சின்

பழைய காரின் பானெட்டைத் திறந்து பார்க்கும் போதெல்லாம் எனக்குத் திருவல்லிக்கேணி ஒண்டுக் குடித்தனங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரே ஒரு பெல்ட். அதை நம்பி விசிறி, தண்ணீர்ப் பம்பு, டைனமோ என்று மூன்று குடும்பங்கள். இவர்களில் ஒருவரைக் காலி செய்துவிட்டுப் புதியவரைக் குடிவைப்பது லேசுப்பட்ட காரியமா, என்ன?

அப்பாவிடம் இருப்பது 1968-ஆம் வருஷத்து அம்பாஸடர். உத்தரபாராவில் அந்தக் கார் உற்பத்தியாவது 2014-இல் நின்றுபோயிற்று. அப்பாவின் கார் நிற்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு வியாதி. டைனமோ வேகமாகச் சுற்றினால்தான் மின்சாரம் கொடுக்கும். சிக்னலில் நின்றால் போதும், சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். முன் விளக்குகள் அகல் விளக்காகிவிடும். அப்பாவுக்கோ வயது எழுபத்தெட்டு. வாரந்தோறும் அம்மாவைத் தாம்பரத்திலுள்ள சித்தி வீட்டுக்கு அழைத்துப்போய் இரவு திரும்புகிறவர், போவதையே நிறுத்திவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை வந்தால் மட்டும் வாசல் பக்கமே போகமாட்டாள்.

"ஆல்ட்டர்நேட்டர் போட்டுவிடலாம்" என்றேன். அது இஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் செய்யும்.

"போடு. ஆனால் இஞ்சினில் ஒரு துளை போடக் கூடாது. நாளைக்கே பழையதை மாட்ட வேண்டுமென்றாலும் மாட்ட வேண்டும்" என்று உத்தரவாயிற்று.

புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் ஆல்ட்டர்நேட்டரோடு ஒரு பிராக்கெட்டையும் கொடுத்து, "அப்படியே உட்காரும், ஸார்!" என்றார். உட்காரவில்லை. டைனமோ நீண்ட உடம்புக்காரர். ஆல்ட்டர்நேட்டர் குள்ளர், வயிறு பெருத்தவர். காதுகள் இருக்கும் இடமே வேறு. பிராக்கெட்டை மாட்டியபோது கப்பி கால் அங்குலம் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது.

கால் அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். மூன்று கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட்டின் ஓரம் தேயும், கீச்சிடும், கடைசியில் அறுந்தே போகும். அறுந்தால் போவது விளக்கு மட்டுமல்ல. தண்ணீர்ப் பம்பும் நின்று நடுரோட்டில் இஞ்சின் கொதிக்கும்.

"வாஷர் அடுக்கிச் சரிக்கட்டலாமா, பாய்?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"வாஷர் அடுக்கினால் ஆட்டம் கொடுக்கும் தம்பி. ஆட்டம் கொடுத்தால் இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்குத் தகடு விரியும்" என்றார் பாய்.

பிறகு அவர் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். இஞ்சினிலிருந்த பழைய போல்ட்டுத் துளைகளின்மேல் அதை வைத்து அழுத்தி, எண்ணெய் அச்சு எடுத்து, கத்தரியால் வெட்டினார். மூன்று பத்திரிகைகள் வீணாயின. நாலாவது சரியாக அமைந்தது. அந்த அளவில் கனமான இரும்புத் தகடு வெட்டப்பட்டது. இடைவெளிக்கு, லேத்துப் பட்டறையில் ஒரே துண்டாக ஒரு புஷ் கடைந்து வந்தது. இரும்பு ஸ்கேலைக் கப்பிகளின்மேல் சாய்த்து வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் இறங்கியது. "போதும். இதற்குமேல் இறுக்கினால் பேரிங் அழும்" என்றார்.

ஒயரை இணைக்குமுன், பாட்டரியின் எந்த முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறதென்று இரண்டு முறை பார்த்தார். பழைய வண்டிகள் சிலவற்றில் அது தலைகீழாக இருக்கும். கவனியாமல் இணைத்தால் ஆல்ட்டர்நேட்டருக்குள்ளிருக்கும் டையோடுகள் கண நேரத்தில் கருகிவிடும்.

டைனமோவைத் துடைத்து, அதன் போல்ட்டுகளோடு துணியில் சுற்றி டிக்கியில் வைத்தார் அப்பா. ஓய்வு பெற்ற சகாவை வழியனுப்புகிற மரியாதை அதில் இருந்தது.

அந்த வியாழனன்று சித்தி வீட்டிலிருந்து திரும்பும்போது இரவு மணி ஒன்பது. சிக்னலில் வண்டி நின்றது. முன் விளக்குகள் அசையாமல் எரிந்தன. அம்மா சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இவ்வளவு செலவு பண்ணி என்னதான் புதிதாகப் போட்டீர்கள்? ஒரு சத்தத்தையும் காணோமே!" என்றாள்.

பாயின் பிராக்கெட்டுக்கு இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் கிடைக்குமா?