பத்து நாள் கரண்ட்!

எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே முப்பத்து நாலு வயது வரை தெரியாது. பி.காம். படித்தவனுக்கு வலி என்றால் தலைவலிதான். அதுவும் மார்ச் மாதத்தில் மட்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போய் வருகிறேன். (பத்திரிகைச் சன்மானத்திலேயே குடும்பம் நடக்கும் என்று நினைப்பவர்கள் என் மனைவியிடம் பேசிக்கொள்ளவும்.) ஒரு திங்கட்கிழமை, விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. வலி இடுப்பில் கிளம்பி, தொடை, முழங்கால், ஆடுசதை என்று லோக்கல் ரயில் மாதிரி எல்லா ஸ்டேஷனிலும் நின்று போயிற்று.

முதலில் போன கிளினிக்கின் பெயர் வேண்டாம். படுக்கச் சொன்னார்கள். கரண்ட் வைத்தார்கள். ஒத்தடம் கொடுத்தார்கள். "பத்து சிட்டிங் சார்!" பத்து நாளும் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, "சில்லறை இருக்கா?" என்பதைத் தவிர. பதினோராம் நாளும் வலி அப்படியே இருந்தது. "இன்னொரு பத்து போட்டுப் பார்க்கலாமே..."

மச்சான்தான் காப்பாற்றினான். "எங்க திருவள்ளூர்ல ஒரு மேடம் இருக்காங்க மாமா. எம்.பி.டி. முடிச்சு, அதுக்கு மேலயும் என்னமோ படிச்சிருக்காங்களாம்." கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற காரியம். மூர் மார்க்கெட் வரை வந்து வேறு ரயில் பிடிக்க வேண்டும். போனேன்.

அங்கே மிஷினைக் காணோம். கேள்விகள்தான். எப்போது வலி? உட்கார்ந்தாலா, நடந்தாலா? காலையிலா, சாயங்காலமா? "யூரின் போறதுல ஏதாவது கஷ்டம் இருக்கா சார்?" நான் நெளிந்தேன். "வெட்கப்படாதீங்க. இருந்தா நான் உங்களைத் தொட மாட்டேன். நேரா ஆஸ்பத்திரிதான். நரம்பு மாட்டியிருந்தா ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்து."

பிறகு குப்புறப் படுக்க வைத்து, கையை ஊன்றி மார்பை மட்டும் நிமிர்த்தச் சொன்னார். பத்து தடவை. வலி எங்கே என்று கேட்டார். மறுபடி பத்து. ஆடுசதையில் இருந்த வலி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அரை மணியில் இடுப்புக்கே வந்து, அங்கே முன்னைவிட அதிகமாகவே வலித்தது.

"மேடம், மோசமாயிடுச்சு!"

சிரித்தார். "நல்ல செய்தி சார். வலி கால்லேர்ந்து முதுகுக்குத் திரும்பினா குணமாகிற வழி. கீழே இறங்கினாத்தான் பயப்படணும்."

இதைக் கண்டுபிடித்த கதையும் சொன்னார். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்ஸி என்ற ஃபிசியோதெரபிஸ்ட், முதுகுவலிக்காரர் ஒருவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். கட்டிலின் தலைமாடு உயர்த்தியே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பதறிப்போய்த் திரும்பி வந்தால், பின்பக்கமாக வளைந்து கிடந்த ஆசாமி, கால் வலி போயே போச்சு என்றாராம்! அதைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் ஆயுள் முழுக்க ஆராய்ந்தார் மெக்கென்ஸி. 2013-இல் காலமானார்.

"எல்லாருக்கும் இதே பயிற்சியா?"

"இல்லவே இல்லை. சிலருக்கு முன்னால குனியறதுதான் சரி. யாருக்கு எதுன்னு கண்டுபிடிக்கத்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா கோர்ஸ் போனேன், கைக்காசு போட்டு. நானும் முதல் ரெண்டு வருஷம் எல்லாருக்கும் கரண்ட்தான் வெச்சேன் சார்."

இந்தக் கடைசி வரியைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

மொத்தம் நாலே தடவைதான் போனேன். கணக்குப் பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு. 363 தெரபிஸ்டுகள், 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அங்கே பட்டத்துக்கு மேல் ரெசிடென்ஸி, அதற்கும் மேல் ஃபெல்லோஷிப் என்று பயிற்சிகள் உண்டு. ஃபெல்லோஷிப் முடித்தவர்களிடம் போனவர்கள் சற்று அதிகமாகவே தேறியிருக்கிறார்கள், அதுவும் குறைந்த தடவைகளில். ரெசிடென்ஸியோடு நின்றவர்களுக்கும் இரண்டும் படிக்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆக, சுவரில் இன்னொரு சர்ட்டிஃபிகேட் மாட்டினால் மட்டும் இடுப்பு நிமிராது. கெட்டிக்காரர்கள்தான் மேலே படிக்கப் போகிறார்களா, படித்ததால் கெட்டிக்காரர்களா என்பதும் தனிக் கணக்கு. நம் நாட்டில் இவர்களுக்கென்று தேசியக் கமிஷன் அமைக்கச் சட்டம் வந்ததே 2021-இல்தான்.

'குறைந்த தடவை' என்ற வார்த்தையில்தான் நான் நின்றேன். காரணம், எங்கள் லேத் ஆபரேட்டர். காண்ட்ராக்ட் ஆள். வராத நாளுக்குக் கூலி இல்லை. அவருக்கும் என்னைப் போலவே இடுப்பு, கால். "பத்து நாள் கரண்ட் வெக்கணுமாம் சார். பத்து நாள் லீவு போட்டா வூட்டு கரண்ட் பில்லை யார் கட்றது?"

நான் பெரிய டாக்டர் மாதிரி, "குப்புறப் படுத்து நிமிருங்க, சரியாயிடும்" என்றேன். நல்லவேளை, அவர் செய்யவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுத் திருவள்ளூருக்குக் கூட்டிப் போனேன். மேடம் அவரைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் தூக்கவே வரவில்லை, தொப்பென்று விழுந்தது. மேடம் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பயிற்சியும் கிடையாது, ஃபீஸும் கிடையாது. ஒரு கடிதம் எழுதி, அன்றைக்கே சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் நடந்தது. பாதம் மெல்ல மெல்லத் தூக்க வந்தது.

மூன்று மாதம் கழித்து, காலை கும்மிடிப்பூண்டி ரயில். கொருக்குப்பேட்டையில் ஏறினார். நடையில் லேசான இழுப்பு மட்டும் பாக்கி. ஜன்னலோரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்கல்ல? எழுந்திரிங்க!"

பொன்னேரி வரை நின்றுகொண்டே வந்தேன்.