அடிக்கரி

பானையைக் கழுவ எடுத்தபோது விரலில் கரி ஒட்டியது. விறகடுப்பில் வளர்ந்தவளுக்குக் கரி புதினமில்லைதான். ஆனால் இது காஸ் அடுப்பில் வைத்த பானை. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மட்டக்களப்பு ரவுணில் இரண்டு மாதம் நின்றுவிட்டு மண்டூருக்குத் திரும்பிய மறுநாள் அது. காலையில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்க வழமையைவிட நேரமெடுத்தது. அப்போதே யோசித்திருக்கவேண்டும். பிறகு குனிந்து பார்த்தேன். இடப்பக்க அடுப்பில் நீலம் இல்லை. மஞ்சள் நாக்குகள் சோம்பலாய் ஆடின, நுனியில் மெல்லிய புகை. வலப்பக்கத்துச் சின்ன அடுப்பு நீலமாய்ச் சீறிக்கொண்டிருந்தது.

மஞ்சள் நெருப்பைக் கண்டால் எனக்கு அம்மாவைப் பெற்ற பெத்தாதான் நினைவு. "விறக அமத்தாத புள்ள, அதுக்கு மூச்சு முட்டும்" என்பாள். மூன்று கல்லுக்கு நடுவில் நான் ஆசையோடு திணித்த விறகில் பாதியை வெளியே இழுத்துவிட்டு, ஊதாங்குழலை எடுத்து ஒரே ஓர் ஊது. புகை அடங்கி நெருப்பு எழும்பும். அவள் பள்ளிக்கூடம் போனவளில்லை.

இந்த வீடு பெத்தாவுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்வழியேதான் இறங்கும். அவளிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்குச் சீதனமாய். வீட்டோடு குசினியும், குசினியோடு அந்த மூன்று கல்லும். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது கூரை போனது, கல் போகவில்லை. விடியப் பார்த்தால் வளவில் நின்ற தென்னைகளில் பாதி குப்புறக் கிடந்தன. அதற்குப் பிறகு நெடுங்காலம் ஊரில் விறகுக்குப் பஞ்சமில்லை, தேங்காய்க்குத்தான் பஞ்சம். ஈரத் தென்னை விறகு எரியாது, அழும். பெத்தாவும் அதோடு சேர்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறாக்குவாள்.

ஆவணித் திருவிழா வந்தால் மட்டும் ஊதாங்குழல் பரணுக்குப் போய்விடும். எங்கள் முருகன் கோயிலில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மூச்சு சாமியில் படக்கூடாது. அதைப் பார்த்துப் பெத்தாவும் பொங்கலுக்கு நெருப்பு மூட்டும்போது முந்தானையால் வாயைச் சுற்றிக்கொண்டு, ஓலை விசிறியால்தான் வீசுவாள். சின்னப்பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். முந்தானைக்கு மேலால் கண் மட்டும் முறைக்கும்.

காஸ் அடுப்பு 2011 தை மாத வெள்ளத்துக்குப் பிறகு வந்தது. விறகெல்லாம் நனைந்து ஊறிப்போன மாதம் அது. என் வீட்டுக்காரர் குருமண்வெளித் துறையால் ஒரு சிலிண்டரைப் பாதையில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெளியூராருக்குச் சொல்லவேண்டும்: இங்கே பாதை என்றால் வீதியில்லை, வாவியில் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி இறக்கும் மிதவை. அரிசி மூட்டைக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் அந்தச் சிலிண்டர் புது மாப்பிள்ளை மாதிரி வந்திறங்கியது. அம்மா ஒரு வாரம் குசினிக்குள் கால் வைக்கவில்லை.

அம்மாவின் பயத்தை நான் கேலி செய்ததுண்டு. பத்து வருடம் கழித்து, 2021 கார்த்திகையிலும் மார்கழியிலும் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கியபோது கேலி நின்றுபோனது. பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஜனாதிபதி ஒரு குழுவை அமைத்தார். சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூற்றேன் கலவையின் சேர்மானத்தை மாற்றியதே முக்கிய காரணம் என்று அந்தக் குழு சொன்னது. எங்கள் வெக்கையில், 30 பாகையில், தனிப் பியூற்றேன் சிலிண்டருக்குள் வளிமண்டல அமுக்கத்தின் மூன்று மடங்களவில் தள்ளும். தனிப் புரொப்பேன் பத்து மடங்களவில் தள்ளும். புரொப்பேனின் பங்கு ஏற ஏற அமுக்கமும் ஏறும். பழைய வாசர்கள் பழைய கலவைக்குத் தாக்குப்பிடித்தவை. புதியதற்கு அவை கசிந்தன.

கசிந்த காஸ் மேலே போகாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூற்றேன் இரண்டு மடங்கு. நிலத்தோடு படிந்து மூலையில் கிடக்கும். பெத்தாவின் குசினிக்கு அரைச்சுவர்தான், காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும். நாங்கள்தான் மாபிள் பதித்து, யன்னல் அடைத்து, வாசலுக்கு உயரப் படி வைத்துக் கட்டிக்கொண்டோம். அந்த மார்கழியில் ஊரில் எல்லார் வீட்டிலும் சவர்க்கார நுரை. றெகுலேற்றரிலும் ரியூப்பின் இரண்டு முனையிலும் நுரையைத் தடவிவிட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்த்த வீரர்களும் இருந்தார்கள். என்ன சொல்வது?

அடுத்த சித்திரையில் வெடிப்புப் பயம் போய்விட்டது. வெடிக்கக் காஸே இல்லை. 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபாய் விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2,750 ஆகி, 2022 ஏப்ரலில் 4,860 ஆனது. அந்த விலைக்கும் வரிசைதான். பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடியில் வெறும் சிலிண்டரோடு விடிய விடிய நின்றவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. கல்லை எறிந்துவிட்ட வீடுகளில் செங்கல் அடுக்கிப் புது அடுப்புக் கட்டினார்கள். எங்களுடைய மூன்று கல்லும் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. கழுவி எடுத்தேன்.

நெல் நிறுக்கும் தராசில் சிலிண்டரைத் தொங்கவிடும் பழக்கம் அப்போது வந்தது. சிலிண்டரின் கழுத்து வளையத்தில் வெறும் எடை பொறித்திருக்கும். தராசு காட்டுவதிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது காஸ். ஆட்டிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் மனத்திருப்திக்கு.

மஞ்சள் நெருப்புக்கு வருகிறேன். முதலில் தராசு. ஆறு கிலோவுக்கு மேல் கிடந்தது. காஸ் முடிகிற கதை இல்லை. அடுத்து ஒரு லீற்றர் தண்ணீரை மூடி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பு ஐந்து நிமிடத்தில் கொதித்தது, இப்போது ஒன்பது. அடுப்புத் திருத்துகிறவர் வந்து தூரத்தில் நின்றே "றெகுலேற்றர் போயிற்று, மாத்தணும்" என்றார். ஒரே றெகுலேற்றரிலிருந்துதானே இரண்டு அடுப்புக்கும் வருகிறது? ஒரே கிணற்றில் அள்ளிய தண்ணீர் ஒரு குடத்தில் மட்டும் உவர்க்குமா? கேட்டேன். சின்ன அடுப்பில் குறை தெரியாதாம்.

தங்கச்சியின் புருசன் மேசன். அவரிடம் அத்திவாரத்துக்கு மட்டம் பிடிக்கிற தெளிந்த ரியூப் இருந்தது. "மச்சாள், அமுக்கம் பாக்கிறதுக்கு இது போதும்" என்றார். எங்கள் வீட்டு றெகுலேற்றர்கள் 30 மில்லிபார் அளவில் விடுபவை. தண்ணீர்க் கணக்கில் அது ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் உயரம், ஓரடி. சிலிண்டருக்குள் அத்தனை மடங்கு, வெளியே ஓரடித் தண்ணீரைத் தூக்கும் பலம் மட்டும். கதவு யன்னலைத் திறந்து, சாமி விளக்கையும் அணைத்தோம். ரியூப்பை லாடம்போல் வளைத்துப் பலகையில் கட்டிப் பாதிக்குத் தண்ணீர் விட்டார். இடப்பக்கத்துப் பர்னரைக் கழற்றி, கீழே தெரிந்த ஜெற்றில் ஒரு முனையை இறுக்கிச் செருகினார். குமிழைத் திருப்பியதும் ஒரு பக்கத்துத் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறி நின்றது. இரண்டு மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை நாடா வைத்து அளந்தேன்: இருபத்தொன்பதரை. செருகிய இடத்தில் நுரை தடவிக் குமிழி இல்லை என்று கண்டபின் வலப்பக்கத்தைப் பற்றவைத்தோம். இருபத்தெட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றது.

றெகுலேற்றர் போகவில்லை. அந்தக் காசு மிச்சம்.

ஜெற்றின் துளை ஒரு மில்லிமீற்றரும் இராது. அதை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யப்போய்ப் பெரிதாக்கிவிட்டவர்களை அறிவேன். துளை பெருத்தால் காஸ் கூடும், காற்று போதாமல் மஞ்சள்தான் மிஞ்சும். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம், துளை வட்டமாய்த் தெளிவாய் இருந்தது. மிஞ்சியது காற்று. ஒரு பங்கு புரொப்பேன் முழுதாய் எரிய 24 பங்கு காற்று வேண்டும், பியூற்றேனுக்கு 31. அதில் ஏறத்தாழப் பாதி எரியுமுன்பே, ஜெற்றைத் தாண்டியுள்ள குழாயின் வாயால் உள்ளே இழுபட்டுக் காஸோடு கலக்கவேண்டும். கலக்காதது கரியாய்ப் பானையில் படியும். பெத்தா சொன்ன மூச்சு முட்டல்.

அடுப்பைக் கவிழ்த்து ரோச் அடித்தேன். குழாயின் வாயில் பாதியை அடைத்துக்கொண்டு, குண்டுமணியைவிடச் சற்றுப் பெரிதாய், கழுத்து வைத்த குட்டிக் குடம்போல ஒரு மண்கூடு. குளவி. ஆளில்லாத இரண்டு மாதத்தில் குடிவந்திருக்கிறது. சட்டி வனைகிற யாரும் அப்படி வழவழவென்று கழுத்து இழுத்ததை நான் பார்த்ததில்லை. ஈர்க்கால் மெல்ல நெம்ப, முழுதாய் வந்தது. உள்ளே, குஞ்சுக்குத் தீனியாய்க் கொட்டி மயக்கி அடுக்கிய பச்சைப் புழுக்கள். கரித்துணியால் குழாயைத் துடைத்துப் பூட்டினேன். நீலம் வந்தது. தண்ணீர் ஐந்து நிமிடத்தில் கொதித்தது.

கூட்டை எறிய மனம் வரவில்லை. யன்னல் கட்டையில் வைத்தேன். மறுநாள் காலை குளவி வந்து அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

போன கிழமை பேரனைப் பார்க்க மறுபடி ரவுணுக்குப் புறப்பட்டேன். சிலிண்டரை மூடி, றெகுலேற்றரைக் கழற்றி, நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டி இரண்டு குழாய் வாயையும் நூலால் சுற்றிக் கட்டினேன். வந்தவுடன் முதல் வேலை அவிழ்ப்பது என்று வீட்டுக்காரரிடம் இரண்டு தரம் சொன்னேன். பாதைக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் நின்றவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, அடுப்புக்கும் வாய் கட்டிப்போட்டியா?"