கல் கட்டாத வலை

சித்திரங்களைப் பார்க்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் நான் கொச்சிக்குப் போனேன். வலைகளைப் பார்க்கப் போகவில்லை. சீனவலையை நாட்காட்டிகளிலும் விடுதிச் சுவர்களிலும் பிரயாண விளம்பரங்களிலும் பலமுறை பார்த்துச் சலித்துவிட்டபடியால், நேரில் காண்பதற்கு அதில் புதிதாக ஒன்றும் மிச்சமிராது என்பது என் அபிப்பிராயமாக இருந்தது.

எறணாகுளத்திலிருந்து காலை முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்து, வில்லிங்டன் தீவைக் கடந்து ஃபோர்ட் கொச்சித் துறையில் இறங்கியபோது மணி ஏழுகூட ஆகவில்லை. சித்திரசாலைகளோ பத்து மணிக்கு முன் கதவு திறப்பதில்லை. 1341-ஆம் ஆண்டில் பெரியாறு பெருக்கெடுத்து, முசிறித் துறைமுகத்தின் முகத்துவாரத்தை மணலால் தூர்த்து, அதற்கு ஈடு செய்வதுபோல் கொச்சியின் வாயிலைத் திறந்துவிட்டதென்று சரித்திரக்காரர்கள் சொல்வார்கள். அந்த வாயிலில், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர்பின் ஒருவராக வந்து இறங்கிய அதே கரையோரமாக, வேறு வேலையில்லாத காரணத்தால் நான் நடந்தேன். மழைமரங்களின் நிழலில் பூனைகள் மீன் வரவை எதிர்பார்த்துக் காத்திருந்தன. நானும் அவற்றோடு போய் நின்றேன்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது வெறும் கோட்டுச் சித்திரமாகத் தோன்றும் சீனவலை, பக்கத்தில் போய் நின்றால் ஒரு பெரிய தராசாக மாறிவிடுகிறது. நீரோரத்தில் ஊன்றிய தூண்களின்மேல் பலகைத் தளம். தளத்தின் விளிம்பில், தராசுத் தண்டைப்போல முன்னும் பின்னும் சாயக்கூடிய, சுமார் 10 மீட்டர் உயரமுள்ள சட்டம். அதன் நீர்ப்பக்க முனையிலிருந்து குடைக்கம்பிகள்போல வளைந்து இறங்கும் கழிகளின் நுனிகளில் மூலைகள் கட்டப்பட்டு, ஏறக்குறைய 20 மீட்டர் அகலத்துக்கு ஒரு வலை தொட்டிலைப்போலத் தொங்குகிறது. கரைப்பக்கத்திலோ, ஒரு சாணுக்கு மேற்பட்ட பருமனுள்ள கற்கள், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கயிறுகளில் கட்டப்பட்டிருக்கின்றன. வலை நீரில் தாழும்போது கற்கள் ஆகாயத்தில் எழும்புகின்றன. வலை எழும்போது கற்கள் இறங்கி, ஒவ்வொன்றாகத் தளத்தில் அமர்கின்றன. வலை ஏற ஏறத் தேவைப்படும் பாரம் மாறுகிறதல்லவா? அந்த மாற்றத்துக்குத் தக்கபடி, தேவையில்லாத கல் தானாகவே தரையில் உட்கார்ந்துகொள்கிறது. சமநிலை இவ்வளவு நுட்பமாக அமைந்திருப்பதால், ஓர் ஆள் நடுக்கட்டைமேல் நடந்துபோனாலே போதும், அவ்வளவு பெரிய அமைப்பும் தலைகுனிந்து நீரில் இறங்கிவிடுகிறது. தூக்குவதற்குத்தான் ஐந்தாறு பேர் வேண்டும்.

நான் நின்ற வலையில் ஐவர் இருந்தார்கள். தலைமை வகித்தவர் அறுபது வயதைக் கடந்தவர். இளமையில் சில வருஷங்கள் தூத்துக்குடியில் படகு வேலை பார்த்தவராகையால், மலையாளத்தின் ராகத்தில் தமிழ் பேசினார். “ஏறிவாங்க சாரே, பலகை வழுக்கும், பார்த்து!” என்று அவரே கைகொடுத்தார். முதல் இழுப்பில் வலையின் நடுவே வந்தவை நாலைந்து மடவைகள், ஒரு பிடி இறால், ஒரு நண்டு, ஒரு பிளாஸ்டிக் செருப்பு. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கூடை ஆகாயத்தாமரை. அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்து, “ஜோடி வரல்லே” என்று சொல்லி வீசினார்.

மழைக்காலத்தில் காயலிலிருந்து மிதந்துவரும் ஆகாயத்தாமரை வலையை அடைத்துக்கொண்டால், மீனைவிட அதைத் தூக்கும் நேரமே அதிகமாம். தேக்கு, தம்பகம் ஆகிய மரங்கள் விலை ஏறிப்போனதால் இரும்புக் குழாய்களைக் கட்டிய வலைகள் அக்கம்பக்கத்தில் நின்றன. “மரம் அழுகும்னா முன்னாடியே சத்தம் கொடுக்கும் சாரே. இரும்பு சொல்லாமக்கொள்ளாம ஒரு நாள் முறியும்” என்று அவர் கூறியதை, உப்புக்காற்றில் செதிள் செதிளாக உரிந்துகொண்டிருந்த பக்கத்து வலையின் குழாய்கள் ஆமோதித்தன. எங்கள் பேச்சுக்கிடையே வெளிநாட்டுத் தம்பதிகள் இருவர் தளத்தில் ஏறிக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் படம் எடுத்துக்கொண்டு, சில நோட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட பெரியவர், “இப்போ இதும் மீன்தான்” என்றார். அவர் குரலில் வருத்தமோ பரிகாசமோ எனக்குக் கேட்கவில்லை.

இந்த வலை சீன சக்கரவர்த்தியின் வணிகர்களோடு வந்ததென்று ஒரு சாரார் சொல்ல, மக்காவோவிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததென்று மற்றொரு சாரார் வாதிக்கிறார்கள். வலையின் உறுப்புகளுக்கு வழங்கும் சில பெயர்கள் போர்ச்சுகீசியச் சொற்களாக இருப்பதைப் பின்னவர்கள் சான்றாகக் காட்டுவதுண்டு. வளைந்த கழிக்குப் ‘பிராசு’ என்று பெயர், அந்தப் பாஷையில் அது கையைக் குறிக்கும் சொல். பெரியவரிடம் கேட்டேன். “எங்க அப்பா கொண்டுவந்தது” என்று விவகாரத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பத்து மணிக்குமேல் சித்திரசாலைகளுக்குள் நுழைந்தேன். 1867-இல் தொடங்கி, மிளகும் தேங்காயெண்ணெயும் இஞ்சியும் மரமுமாக வியாபாரம் நடத்திய ஆஸ்பின்வால் கம்பெனியின் கரையோர மாளிகையும், கால்வத்தி சாலையிலுள்ள பெப்பர் ஹவுஸ் என்ற பழைய கிடங்கும், 2012 டிசம்பர் 12-ஆம் தேதி ஆரம்பமான கொச்சி-முசிறி பியனாலே என்ற கலைவிழாவால் உலகத்தார் அறிந்த இடங்களாகிவிட்டன. ஆனால் விழாக்காலம் அல்லாதபோது ஊரின் ரசனையைக் காப்பாற்றுவது, 1997-இல் தோன்றிய காசி ஆர்ட் கேலரியைப் போன்ற சிறு கூடங்களும், ஒற்றையறைக் கடைகளுமே என்று எனக்குத் தோன்றியது. பெரிய மாளிகையில் சித்திரம் நம்மைப் பார்க்கிறது. ஒற்றையறையில்தான் நாம் சித்திரத்தைப் பார்க்கிறோம். (இப்படிச் சொன்னதற்காக விழாப்பிரியரான என் சிநேகிதர் ஒருவர் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.)

அத்தகைய ஓர் அறையின் பின்கட்டில், சட்டம் போடும் தச்சர் ஒருவர் தரையில் உட்கார்ந்து, நாற்பத்தைந்து பாகைக்கு வெட்டிய இரண்டு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்தி, இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறதா என்று ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் சித்திரத்துக்குப் பெரிய சத்துரு ஈரம் என்றார் அவர். மழை பிடித்துவிட்டால் காகிதம் அலைபோல நெளியும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட சித்திரம் பிறகு உரிந்து வராது. அதற்காகவே கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே ஒரு கனத்த அட்டையை ஜன்னல்போல் வெட்டி வைக்கிறார். இரும்பாணியைத் தொடுவதில்லை, பித்தளைதான். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று நடமாட வழி செய்கிறார். சுவரில் தொங்கும் சித்திரங்களுக்குக் கீழே ஓவியர்களின் பெயர்கள் இருந்தன. இவர் பெயர் எங்கும் இல்லை. இருக்கவேண்டுமென்று அவர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

அங்கே 1,500 ரூபாய்க்கு ஒரு சிறிய நீர்வர்ணச் சித்திரம் வாங்கினேன். அந்திச் செம்மையில் தனித்து நிற்கும் சீனவலை. மனிதர் ஒருவரும் இல்லை. காலையில் சலிப்பு என்று ஒதுக்கிய அதே காட்சியை மாலையில் காசு கொடுத்து வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

திரும்பும் வழியில் வேளி என்ற பகுதிக்குப் போனேன். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் சந்ததியார் என்று சொல்லப்படும் வண்ணார் குடும்பத்தார் அங்கே இன்றும் துணி துவைக்கிறார்கள். கொடிகளில் வெள்ளை வேட்டிகள் வரிசையாகப் புடைத்து நின்றன. “அந்தக் கஞ்சியை இங்கிட்டு நகத்துடி” என்று ஒரு கிழவியின் குரல் கேட்டுச் சற்று நின்றுவிட்டுக் கரைக்கு வந்தேன்.

பெரியவர் அதே தளத்தில் இருந்தார். நீர்மட்டம் சரியில்லை என்று வலையைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சித்திரத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். ஈரக் கையை லுங்கியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, ஓரங்களை மட்டும் பிடித்து, கண்ணுக்கு எட்டவும் கிட்டவுமாக வைத்துப் பார்த்தார்.

“கல்லு எவிடெ?”

நானும் குனிந்து பார்த்தேன். கழிகள் இருந்தன; வலை இருந்தது; கயிறுகள்கூட மெல்லிய கோடுகளாக இருந்தன. கரைப்பக்கத்தில் ஒரு கல்லும் இல்லை. செவ்வானத்தின் அழகைக் கெடுக்கும் என்று ஓவியர் விட்டிருப்பார் போலும்.

“இந்த வலை போகும் சாரே. போனா வராது” என்று சொல்லி, மற்ற நால்வருக்கும் காட்டினார். அவர்களில் இளையவன் விரலை அந்தரத்தில் நீட்டி, எங்கெங்கே எத்தனை கல் வேண்டும் என்று எண்ணத் தொடங்கினான். இன்னொருவன் கயிற்றின் நீளத்தைப் பற்றித் தகராறு செய்தான். விலை என்ன என்று பெரியவர் கேட்டார், சொன்னேன். ஒன்றும் பேசாமல் சித்திரத்தைக் காகிதத்தில் பழையபடி சுற்றி, காற்றில் பிரியாதபடி மேலே ஒரு சணலும் கட்டிக் கொடுத்தார். பிறகு நீரை எட்டிப் பார்த்துவிட்டு, “வேலியேற்றம் தொடங்கியாச்சு” என்று கடலேற்றத்தை அறிவித்தபடி நடுக்கட்டைமேல் கால் வைத்தார். வலை இறங்கிற்று, கற்கள் ஒவ்வொன்றாகத் தளத்தைவிட்டு எழுந்தன.