அமாவாசை கழிந்த இரண்டு நாட்கள்

2019ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்து மாலையொன்றில், தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் சிற்றூரின் பஹாய்க் குடும்பத்தார் ஏழெட்டுப் பேர், பாப் அவர்கள் ஜனித்து 200 ஆண்டுகள் நிறைவெய்தும் விசேஷத்தை எவ்விதம் கொண்டாடுவது என்று யோசிப்பதற்காக ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியிருந்தோம். ஜமுக்காளம் எந்த வீட்டிலிருந்து வரவேண்டும், முந்திரிக்கொத்துக்கு எத்தனை படி பாசிப்பயறு வறுக்கவேண்டும், சிறுவர் வகுப்புப் பிள்ளைகள் எந்தப் பிரார்த்தனையை மனனம் செய்து சொல்லவேண்டும் என்பவையெல்லாம் அரைமணிப் பொழுதில் தீர்மானமாகிவிட்டன. அக்கம்பக்கத்தாருக்கு அழைப்பிதழ் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாலே வரி எழுதும் அந்த வேலைதான் ஒரு மாத காலம் என்னை விடாமல் பற்றிக்கொண்டது.

என் அலமாரியிலிருந்த பழைய புத்தகமொன்றைப் பார்த்து, அக்டோபர் 20 என்று தேதியிட்டு அழைப்பிதழின் நகலை எழுதி முடித்துவிட்டேன். மறுநாள் அதை வாசித்த நண்பர், இவ்வாண்டு அந்தப் புனித நாள் அக்டோபர் 29 அன்றல்லவா வருகிறது என்று கேட்டார். புத்தகமும் பிழையில்லை, நண்பர் சொன்னதும் பிழையில்லை. ஒருவர் பிறந்த நாளுக்கு இரண்டு தேதிகள் எப்படி இருக்க முடியும் என்று நாளைக்கு அடுத்த வீட்டுக்காரர் என்னைக் கேட்பாரானால், எனக்கே தெளிவில்லாத ஒன்றை அவருக்கு எங்ஙனம் சொல்வேன்? அழைப்பிதழை மடித்து வைத்துவிட்டு, மூலத்தைத் தேடத் தொடங்கினேன்.

சையது அலி முகம்மது என்ற இயற்பெயரும், வாயில் என்று பொருள்படும் பாப் என்ற திருநாமமும் கொண்ட அந்த மகான், ஈரான் தேசத்து ஷீராஸ் நகரில், ஹிஜ்ரி 1235ஆம் ஆண்டு முஹர்ரம் மாதம் முதல் தேதியன்று அவதரித்தார். அது ஆங்கிலக் கணக்கில் 1819 அக்டோபர் 20. எவருடைய வருகைக்காக அவர் வாயிலைத் திறந்து வைத்தாரோ, எங்கள் பஹாய் மார்க்கத்தை நிறுவிய அந்தப் பஹாவுல்லா, டெஹ்ரான் நகரில், ஹிஜ்ரி 1233ஆம் ஆண்டு முஹர்ரம் இரண்டாம் தேதியன்று, விடியற்பொழுதில் பிறந்தார். அது 1817 நவம்பர் 12. இவ்விரண்டு வரிகளையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியனைக் கொண்டு எண்ணினால் இரு ஜனன தினங்களுக்கும் நடுவே 23 நாட்கள் குறுக்கிடுகின்றன. சந்திரனைக் கொண்டு எண்ணினாலோ, ஒரு நாள் அஸ்தமிக்கும் கணத்தில் மற்ற நாள் பிறந்துவிடுகிறது. பஹாவுல்லா தமது நியம நூலான கித்தாபி அக்தஸை ஒட்டி எழுந்த வினாக்களுக்கு அருளிய விடையொன்றில், இவ்விரு நாட்களும் இறைவனின் சந்நிதியில் ஒரே நாளாகவே எண்ணப்படுகின்றன என்ற கருத்தை விளக்கியிருக்கிறார்.

ஆனால் வழக்கம் வெகுகாலம் வேறாகத்தான் இருந்தது. மேலை நாட்டு பஹாய்கள் அக்டோபர் 20, நவம்பர் 12 ஆகிய ஆங்கிலத் தேதிகளிலும், ஈரான் முதலிய கீழை நாட்டவர் முஹர்ரம் கணக்கிலும் கொண்டாடி வந்தனர். சுத்தமான சந்திரமான வருஷம் சுமார் 354 நாட்களே கொண்டதாகையால், முஹர்ரம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்ந்து, கோடை, மாரி, பனி என்று எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும். பஹாய்களின் பஞ்சாங்கமோ 19 நாட்கள் கொண்ட 19 மாதங்களையும், எஞ்சிய நான்கு அல்லது ஐந்து நாட்களையும் உடையது. சூரியன் விஷுவத்தைக் கடக்கும் நவ்ரூஸ் திருநாளில் தொடங்கும் சௌரமானப் பஞ்சாங்கம் அது. சௌரமான வருஷத்துக்குள் சந்திரமான நாட்கள் இரண்டை, அவற்றின் இணைபிரியாமை கெடாமல், எங்கே பொருத்தி வைப்பது? பஹாய்களின் தலைமை நிர்வாக சபையான உலக நீதி மன்றம் 2014 ஜூலை 10 தேதியிட்ட தன் நிருபத்தில் இதற்கு விடை கண்டது: நவ்ரூஸுக்குப் பின் வரும் எட்டாவது அமாவாசையை, பஹாவுல்லா பிறந்த டெஹ்ரான் நகரை ஆதாரமாகக் கொண்டு வான சாஸ்திரப்படி கணித்து, அதையடுத்த முதல் இரண்டு நாட்களை இரட்டைப் பிறந்த நாட்களாக உலகெங்கும் ஒருசேர அனுஷ்டிப்பது என்பதே அந்த ஏற்பாடு. 2015 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இத்தனை அழகான சமாதானத்தை நான் வேறெந்தப் பஞ்சாங்கத் திருத்தத்திலும் கண்டதில்லை.

இதை எங்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது, இளைஞர்கள் சிலர் நெற்றியைச் சுருக்கினார்கள். எங்களில் மூத்தவரான ஆச்சிக்கு மட்டும் அது கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிட்டது.

"இதுல என்ன தம்பி குழப்பம்? ராமருக்கு நவமி, கிருஷ்ணருக்கு அஷ்டமின்னு திதி பாத்துத்தானே இந்த ஊரே கும்பிடுது? பெரியவுக பிறந்த நாளை இங்கிலீஷ் தேதிக்குள்ள அடைக்க முடியுமா?" என்றார் அவர்.

பிறகு, சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியை ஏறெடுத்தும் பாராமல், வலக்கைக் கட்டைவிரலை விரற்கணுக்களின்மேல் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணலானார். நவ்ரூஸ் பங்குனியில் வருவதால் முதல் அமாவாசை பங்குனியுடையது; அப்புறம் சித்திரை, வைகாசி, ஆனி; பிதுர்க்கடன் செய்யும் ஆடி அமாவாசை ஐந்தாவது; ஆவணி ஆறு; புரட்டாசியின் மகாளய அமாவாசை ஏழு; எட்டாவதில் கட்டைவிரல் நின்றது. "தீபாவளி அமாவாசை," என்று சொல்லி நிமிர்ந்து பார்த்தார். அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 27. டெஹ்ரானில் அமாவாசை சம்பவித்தது 28 காலையில். எங்கள் புனித நாட்கள் 29, 30. எல்லா ஆண்டும் இப்படித் தீபாவளியை அடுத்தே அமைவதில்லை. சில ஆண்டுகளில் புரட்டாசி அமாவாசையே எட்டாவதாகிவிடும். எனினும், வான சாஸ்திர அட்டவணைகளைப் புரட்டி நான் பெற்ற விடையை அந்த மூதாட்டி ஒரு கையின் கணுக்களிலிருந்து எடுத்துத் தந்ததை என்னால் மறக்க இயலாது.

என் தேடல் அங்கே ஓய்ந்திருக்கலாம். ஆனால் அந்த இணைபிரியாமை என்னை மேலும் இழுத்துச் சென்றது. பாப் ஒரு வணிகர். இளமையிலேயே தந்தையை இழந்து தாய்மாமனால் வளர்க்கப்பட்டவர். 1844 மே மாதத்தில் தம் வருகையைப் பிரகடனம் செய்தவர். ஆறே ஆண்டுகளில், 1850 ஜூலை 9 அன்று, தப்ரீஸ் நகரத்துப் படைக் கொட்டடியின் முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அந்த ஆறாண்டுகளில் பஹாவுல்லாவுக்கும் அவருக்கும் இடையே கடிதங்கள் சென்று வந்தன. ஆயினும் அவர்கள் ஒருவரையொருவர் நேரில் கண்டதேயில்லை. ஒருவருக்காகவே மற்றவர் உயிரைக் கொடுத்திருக்க, இருவரும் ஒரு கூரையின்கீழ் ஒரு கணமும் நின்றதில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். ஆங்கிலத் தேதிகள் இடையில் போட்டு வைத்த 23 நாட்களை நீக்கி, சந்திரன் அவ்விருவரையும் அருகருகே கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதை உணர்ந்த இரவில், அழைப்பிதழை நான் வேறு மனத்தோடு எடுத்து எழுதினேன்.

இன்னொரு கேள்வி எஞ்சியிருந்தது. இந்த நாளை முதன்முதலில் கொண்டாடத் துணிந்தவர் யார்? முஹர்ரம், ஷியா முஸ்லிம்களுக்கு இமாம் ஹுசைனின் கர்பலா பலிதானத்தை நினைந்து துக்கம் காக்கும் மாதம். முதல் தேதியிலிருந்தே கறுப்பு உடையும் ஒப்பாரியுமாக ஊர் இருக்கும். அந்தக் கர்பலாவிலேயே, 1840களில், கஸ்வின் நகரத்துக் கவியரசியான தாஹிரி, பாப் பிறந்த நாளென்று முஹர்ரம் முதல் தேதியில் துக்க உடையைத் தவிர்த்து, வண்ண உடை உடுத்து, தம்மைச் சேர்ந்தவர்களையும் மகிழ்ச்சி கொண்டாடச் சொன்னார் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊர் கொதித்தது, அதிகாரிகள் குறுக்கிட்டார்கள், அவர் பாக்தாதுக்குச் செல்ல நேர்ந்தது. அவரும் பாப் அவர்களை ஒருபோதும் நேரில் கண்டவரல்லர். கடிதத்தாலும் கனவாலும் அறிந்து விசுவாசித்தவர். 1852ல் டெஹ்ரானில் அவர் உயிரும் பறிக்கப்பட்டது. என் கைக்கு எட்டிய நூல்களில் இதற்கு முந்திய கொண்டாட்டம் வேறொன்றும் தென்படவில்லை. பிறர் துக்கத்தை அவமதிக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நான் கருதவில்லை. நெடுநாள் எதிர்பார்த்த ஒன்று வந்துவிட்டது என்பதை உடையைத் தவிர வேறெதனாலும் உரக்கச் சொல்ல முடியாத நிலையில் ஒரு பெண் இருந்தாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பஹாய் நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குவதால், 28 மாலையே வாருங்கள் என்று அழைப்பிதழில் எழுதியிருந்தேன். ஐப்பசி மழை பிற்பகல் முதலே பிடித்துக்கொண்டது. முற்றத்தில் விரிப்பதாக இருந்த ஜமுக்காளத்தைக் கூடத்தில் விரித்தோம். குருமார் என்று ஒருவர் எங்கள் மார்க்கத்தில் இல்லாமையால், பிரார்த்தனை சொல்லவேண்டியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்தார் குடையை மடித்து வாசலில் சாத்திவிட்டு உள்ளே நுழைந்தார்கள்.

சிறுவர் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி மட்டும் கதவோரம் நின்றாள். முந்தைய நாள் தீபாவளிக்கு உடுத்திய மஞ்சள் பாவாடையில் மத்தாப்புப் பொறி விழுந்து, முழங்காலுக்குக் கீழே மிளகளவு துளை. வேறு பாவாடை மாற்றிக்கொள்ளச் சொல்லித் தாய் கெஞ்சியும் அவள் கேட்கவில்லை. தாஹிரியின் கதையைச் சென்ற வாரம் வகுப்பில் கேட்டவள் அவள். ஆச்சி அவளைத் தம் அருகே அழைத்து, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஊசியும் சிவப்பு நூலும் எடுத்து, மின்விளக்கின் கீழ்ப் பாவாடை விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தத் துளையின்மேல் ஐந்து இதழ்ப் பூவொன்றைத் தைத்துக் கொடுத்தார். பல்லால் நூலைக் கடித்து அறுத்தபோது வெளியே இருட்டிவிட்டிருந்தது. சிறுமி நடுக்கூடத்துக்கு வந்து, அந்தப் பூ எல்லோர் கண்ணிலும் படும்படி பாவாடையை விரித்து அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டு முதல் பிரார்த்தனையைத் தொடங்கினாள்.